இரும்புப் பூண்

ஃபாக்டரி காலனியில் வீட்டுப் பல்பைப் பார்த்தே உலையின் உடம்பைச் சொல்லிவிடுவார்கள். பல்பு மினுக்மினுக்கென்று துடித்தால் உலை கரண்டை இழுத்து நன்றாக எரிகிறது, ஷிப்ட் முடிந்து ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அர்த்தம். துடிப்பு நின்று அசையாமல் பளிச்சென்று எரிந்தால்தான், உலை நின்றுபோச்சே என்று பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். வெளியூர்ச் சம்பந்திகள் வந்து, "என்னங்க, உங்க ஊரு லைட்டு இப்படிக் கண்ணடிக்குது?" என்று கேலி செய்வார்கள். அது கண்ணடிக்கிற வரைக்கும்தான் எங்களுக்குச் சோறு என்று காலனிக்காரர்களும் பதில் சொல்லி அனுப்புவார்கள்.

தெலுங்குப் பக்கத்து விஜயநகரத்துக்கு மேற்கே, மாங்கனீசு உருக்கும் அந்த ஃபாக்டரியில் இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது எழும்பிக்கொண்டிருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து உலையின் கரித்தூண்களுக்குக் கரண்ட் கொண்டுபோகிற செம்புப் பட்டைகளை ஃபாக்டரியில் பஸ்பார் என்பார்கள். மூன்றாவது உலையின் பஸ்பாருக்குப் படம் போட்டவன் தவிட்டி நாயுடு, ஹைமாவதியின் புருஷன். படத்தைப் பார்த்துப் பட்டைகளை ஏற்றி போல்ட் முறுக்குகிற ஃபிட்டர்களுக்குத் தலைவன் பைடிராஜு, ஹைமாவதியின் தம்பி. பட்டையின் ஒரு முனையில் புருஷனும் மறுமுனையில் தம்பியும் இருந்தால் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

போதாக்குறைக்கு அந்த ஃபாக்டரியில் ஒரு வழக்கம். புது உலைக்கு முதன்முதலாகக் கரண்ட் விடுகிற அன்று, கடைசி போல்ட்டை முறுக்கியவன் பட்டைகளுக்குக் கீழே இருக்கிற மேடையில் போய் நிற்க வேண்டும். கரண்ட் முழுசாக ஏறி நிலைக்கும்வரை நகரக்கூடாது. 'முறுக்கின கை நிக்கணும்' என்பார்கள். வந்த மேனேஜர்கள் எல்லாரும் தடுத்துப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். நிற்காதவன் முறுக்கிய போல்ட்டை அங்கே எவனும் நம்பமாட்டான், அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது உலைக்கு அப்படி நின்றவன் கௌரிநாயுடு. கரண்ட் ஏறுகிற நேரத்தில் எங்கோ ஷார்ட் ஆகி, பட்டைகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு தாங்கிகளை விட்டே குதித்துவிட்டன. கீழே நின்றவனை மூட்டையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் பெண்டாட்டி பங்காரம்மா ஹைமாவதிக்குப் பக்கத்து வீடு. ஃபாக்டரி கான்டீனில் வேலை கொடுத்திருந்தார்கள். நல்லவள், வாய்தான் சும்மா இருக்காது. "குதிச்சுதாம்டி! எங்கேயாவது செம்பு குதிக்குமா? கெட்டியாப் பிடிக்கலை, குதிச்சிருச்சு" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். மூன்றாவது உலை எழும்ப எழும்ப ஹைமாவதிக்கு அந்தப் பேச்சுதான் காதில் நின்றது.

தசராவுக்கு முந்தைய மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். கொள்ளுச் சாறும் புளிச்சக்கீரையும், மழைக்கென்று கருவாடும் வறுத்து வைத்திருந்தாள். பைடிராஜு கையைக் கழுவிக்கொண்டு மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"மாமா, பசங்கெல்லாம் உங்க மேல கோவமா இருக்கானுங்க."

"என்னவாம்?"

"ரெண்டாம் நம்பர்ல பஸ்பார் பக்கத்துல ஒரு இரும்பு உத்தரம் போகுதில்ல, அதுமேல கேரியரை வச்சா மத்தியானம் சோறு ஆவி பறக்கும். மழைக்காலத்துல சட்டைகூட அங்கதான் காயுது. உங்க ஃபர்னஸ்ல உத்தரத்தையெல்லாம் தூரத் தள்ளி, பக்கத்துல இருக்கிறதை அலுமினியமாப் போட்டுட்டீங்க. இனிமே சோத்தை எங்க வைக்கிறதுங்கறானுங்க."

தவிட்டி நாயுடு சிரித்தான். "முதலாளியோட கரண்ட்ல சோறு சூடு பண்ணினது போதும். உத்தரத்தைச் சுடவைக்கவா கரண்ட் வாங்கறோம்?"

"அது ஃபர்னஸ் அனல் மாமா."

"அனலாவது மண்ணாங்கட்டியாவது" என்றான். அதற்குமேல் விளக்கவில்லை. அவன் குணம் அது. கருவாட்டில் கையும் படத்தில் மனசுமாக இருக்கிறவனுக்கு எதிரில் இருக்கிறவன் முகம் தெரியாது. உடனே பட்டைகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். தட்டிலிருந்த அப்பளங்களை எடுத்து, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்திப் பிடித்தான்.

"இந்த ஏசி கரண்ட் இருக்கே, ஒரே தடிமனா ஒரு கட்டை செம்பைக் கொடுத்தா உள்ள போகாது. மேல்தோலோட ஓடிடும். உள்ள இருக்கிற செம்பு தண்டம். அதான் மெல்லிசு மெல்லிசாப் பட்டை போட்டு நடுவுல இடம் விட்டிருக்கேன்."

"வீட்டோட கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க" என்றான் பைடிராஜு. "உள்ள வாங்கன்னா வரமாட்டாரு. வாசல்லயே உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போயிடுவாரு."

ஹைமாவதிக்கும் சிரிப்பு வந்தது. தவிட்டி நாயுடு இரண்டு அப்பளத்தை அருகருகே சேர்த்தான். "இதுல போகுது, இதுல திரும்பி வருது. ரெண்டையும் ஒட்டி ஒட்டிப் படுக்க வச்சிருக்கேன். ஒண்ணு பண்ற அட்டகாசத்தை இன்னொண்ணு அடக்கிடும். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

"புருஷன் பொண்டாட்டி மாதிரியா?" என்றாள் ஹைமாவதி.

"அதேதான். பிரிச்சு வச்சாத்தான் ஊரைக் கூட்டும். கடைசியில கரித்தூணுக்குப் போற இடத்துல பிரிச்சுத்தானே ஆகணும்? அங்கதான் கவனம் வேணும். பைடி, அந்த இடத்துல இரும்பே ஆகாது. படத்துல போட்டிருக்கேன், அப்படியே செய்."

"இரும்பு படக்கூடாது. அவ்வளவுதானே, பாத்துக்கறேன்."

ஹைமாவதி படத்தை எட்டிப் பார்த்தாள். பட்டைகள் பிரிகிற இடத்தில் அவற்றைத் தாங்கிப் பிடிக்க, பழுப்பு நிறத்தில் மரக்கட்டை மாதிரி ஏதோ வரைந்திருந்தது. "ஏங்க, இவ்வளவு பெரிய செம்பை இந்தக் கட்டைங்களா பிடிக்கும்? கௌரிநாயுடு அண்ணனுக்கு ஆன மாதிரி குதிச்சா?"

தவிட்டி நாயுடு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "கணக்குப் போட்டுத்தாண்டி வச்சிருக்கேன். சாம்பாருக்கு உப்பு போடற மாதிரி கை கணக்கா? நீ கருவாட்டைப் பாரு."

அவள் கருவாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பயப்படுகிறவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பயம் போய்விடும் என்று சில ஆண்கள் நினைக்கிறார்கள். பயம் எங்கேயும் போகாது. பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

தசரா அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உலக்கையின் நுனியில் இரும்புப் பூண். பூண் இல்லாத உலக்கை நாலு நாளில் பிளந்துபோகும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அன்று சாயங்காலம் தம்பி வந்தவுடன் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பைடி, அந்தப் பட்டைங்க பிரியற இடத்துல, உலக்கைக்குப் போட்ட மாதிரி ஒரு பூண் போட்டா என்னடா?"

"மாமா படத்துல இல்லையேக்கா."

"மாமா படத்துல நீயும்தான் இல்லை. நீ நிக்கப் போறே இல்ல அடியில?"

அவன் சோப்பு போட்ட கையைக் கழுவாமல் நின்றான். அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கௌரிநாயுடுவைப் பொறுக்கி எடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

"மாமா இரும்பு ஆகாதுன்னாரு."

"படக்கூடாதுன்னுதானே? படாம போட முடியாதா?"

அவன் யோசித்தான். வேலை தெரிந்தவன். வேலை தெரிந்தவனுக்குத்தான் வழி தெரியும். "நடுவுல ஃபைபர் ஷீட் சுத்திட்டு அதுமேல போடலாம். கரண்ட் தாண்டாது."

"பைடிதல்லி அம்மன் மேல சத்தியம் பண்ணு. மாமாகிட்ட சொல்லக்கூடாது. சொன்னா சிரிப்பாரு, கழட்டச் சொல்லுவாரு."

சத்தியம் பண்ணினான். அடுத்த வாரம் வந்து, "போட்டாச்சுக்கா. மூணு தூணுக்கும் மூணு பூண், சுத்தி வளைச்சு இறுக்கியாச்சு. தாங்கிக்கு அடிச்ச பழுப்புப் பெயிண்டையே அடிச்சுட்டேன், மாமா பாத்தாக்கூடக் கண்டுபிடிக்கமாட்டாரு. இனிமே யானை இழுத்தாலும் குதிக்காது" என்றான். அன்று ராத்திரி ஹைமாவதி நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

கரண்ட் விடுகிற நாள் விடிந்தது. தவிட்டி நாயுடு கருக்கலிலேயே போய்விட்டான். பைடிராஜு குளித்து, புதுச் சட்டை போட்டு, பைடிதல்லி குங்குமம் வைத்துக்கொண்டு அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். பங்காரம்மா எதிரே வரக்கூடாதென்று தானே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள். அவன் தெருமுனை திரும்பின பிறகுதான் ஹைமாவதியின் வீட்டுக்கு வந்து சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். இந்த மாதிரி நாளில் இருவருக்கும் தனியாக இருக்க முடியாது.

கூழ் காய்ச்சலாம் என்று பார்த்தால் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. போன சங்கராந்திக்கு ஃபாக்டரியில் எல்லாருக்கும் கொடுத்த கரண்ட் அடுப்பு பரண்மேல் கிடந்தது. இறக்கித் துடைத்து, அலுமினியக் குண்டானை வைத்தாள். அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

"கெட்டுப்போச்சு போல" என்றாள் பங்காரம்மா.

"இல்லக்கா. இதுக்கு அலுமினியம் ஆகாது. இரும்புதான் ஏத்துக்கும்." இரும்பு வாணலியை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சலசலத்தது.

"இது என்ன அதிசயம்டி! நெருப்பையே காணோம்."

"அவரு ஒருநாள் சொன்னாரு. அடுப்புக்குள்ள செம்புச் சுருள் இருக்காம். அதுல கரண்ட் முன்னும் பின்னும் ஓடுமாம். அது சுடாது. பக்கத்துல இருக்கிற இரும்புதான் தன்னாலே சுடுமாம். படவே வேணாம். நடுவுல இந்தக் கண்ணாடி இருந்தாலும்..."

பேச்சு அங்கேயே நின்றது. வாணலியைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். நடுவுல ஃபைபர் ஷீட் சுத்திட்டு அதுமேல போடலாம் என்ற தம்பியின் குரல் காதில் விழுந்தது. இரும்பு உத்தரத்தின்மேல் ஆவி பறந்த சோறு கண்ணில் தெரிந்தது. அது உலை அனல் இல்லை. அனலாவது மண்ணாங்கட்டியாவது என்று அவர் சொன்னாரே, பாவி நான் கேட்காமல் போனேனே.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அக்கா, என் தம்பியை நானே கொன்னுட்டேன்" என்றாள் ஹைமாவதி.

போன் போட்டுப் பிரயோசனமில்லை. உள்ளே போகிறவர்கள் போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். பங்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே மூச்சு வாங்க வந்தாள். காலனிக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே ரயில் பாதை. அன்று பார்த்து தாது ஏற்றி வந்த கூட்ஸ் வண்டி தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

"நகர்ற வரைக்கும் நில்லுடி!" என்று பங்காரம்மா கத்தினாள்.

கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிறவள் ஹைமாவதி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். கருங்கல் ஜல்லி முட்டியைக் கிழித்தது. தலைக்கு மேலே எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. வண்டி நகரப்போகிறது என்று நினைத்தாள், நகர்ந்தால் நகரட்டும் என்றும் நினைத்தாள். மறுபக்கம் எழுந்தபோது வண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

கேட்டில் இருந்த அப்பண்ணா அவள் அப்பா காலத்து ஆள். அவள் கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "என்னம்மா இது? இன்னிக்குப் பொம்பளைங்களை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

"மாமா, கரண்ட் விட்டாச்சா?"

"பூசை முடிஞ்சு அப்பவே விட்டாச்சே. காது கேக்கலை? உர்ருங்குது பாரு."

கேட்டது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அந்த மாதிரி ஒரு முனகல். பாதத்தில்கூட அது ஏறியது.

"மாமா, பைடிராஜு அடியில நிக்கறான். மேல விழப்போகுது. என்னை விடுங்க, இல்லாட்டி நீங்க ஓடிப்போய்ச் சொல்லுங்க."

அப்பண்ணா அவள் முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். கௌரிநாயுடு உள்ளே போன அன்றும் இதே நாற்காலியில் இருந்தவர். "வா" என்று சொல்லி அவரே முன்னால் ஓடினார்.

கன்ட்ரோல் ரூமில் முதலாளி மாலையும் கழுத்துமாக இருந்தார். மேனேஜர் மூர்த்தி லட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். தவிட்டி நாயுடு மீட்டர் முள்ளைப் பார்த்தபடி, "இன்னும் ஒரு படி ஏத்து" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். கதவு திறந்ததும் எல்லாரும் திரும்பினார்கள். தலைவிரி கோலமாக, முட்டியில் ரத்தமும் காலில் சேறுமாக நின்ற பெண்ணைப் பார்த்து மூர்த்தியின் கையில் தட்டு சாய்ந்தது.

ஹைமாவதி வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று சேர்த்து வைத்த வார்த்தைகள் எங்கே போயினவோ. புருஷன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"பட்டையைச் சுத்தி இரும்புப் பூண் போட்டிருக்கான். படாம போட்டிருக்கான். நான்தான் போடச் சொன்னேன்."

"எங்கே?" என்றான்.

"பிரியற இடத்துல."

அவன் திரும்பிச் சிவப்புப் பித்தானை உள்ளங்கையால் அறைந்தான். வெளியே பெரிய ஸ்விட்ச் டமார் என்று விழுந்தது. பாதத்தில் ஏறிய முனகல் நின்றது.

"நாயுடு! முதலாளி முன்னாடி என்ன காரியம் பண்றே? நல்ல நேரம் போயிடும்யா!" என்று மூர்த்தி கத்தினார்.

"கீழே என் மச்சான் நிக்கறான் சார்" என்று சொல்லிவிட்டு அவன் படியில் இறங்கி ஓடினான்.

மேடையில் கருகல் நெடி. பைடிராஜு கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். புதுச் சட்டையின் தோள் நெடுகப் பொத்தல்கள். அவன் தலைக்கு நேர் மேலே மூன்று பூண்களும் பெயிண்ட் உரிந்து, பழுத்த தணல் நிறத்தில் இருந்தன. நடுப்பூணின் கீழே இருந்த தாங்கி அப்பளம்போல் கொப்பளித்துக் கருகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. செம்புப் பட்டைகள் அதன் மிச்சத்தின்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

தவிட்டி நாயுடு மச்சானின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வெளியே தள்ளினான். அதற்குப் பிறகுதான் ஹைமாவதிக்கு அழுகையே வந்தது. தம்பியை மாறி மாறி அடித்தாள்.

"சனியனே, மேல நெருப்பு பழுக்குதே, தோள்ல கங்கு விழுதே, ஏண்டா நகராம நின்னே? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"முதல்ல புகை வந்துச்சு. புது பெயிண்ட் தீயுதுன்னு நினைச்சேன்."

"அப்புறம்? சிவந்த பிறகு?"

அவன் மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "நான் நகர்ந்தா, படம் போட்டவரைச் சொந்த மச்சானே நம்பலைன்னு ஊரு சொல்லும் இல்லக்கா. மாமா எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாரு?"

தவிட்டி நாயுடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனை யாரும் அந்த மாதிரிப் பார்த்ததில்லை. "பட்டையைப் பத்திதான் படம் போட்டேன். உங்க ரெண்டு பேரோட பயத்தை நான் கணக்குல எடுக்கலை" என்றான். பிறகு ஹைமாவதியிடம், "ஏண்டி என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டான்.

"சொன்னேன். சிரிச்சீங்க."

பின்னாலேயே வந்த மூர்த்தி பூண்களையும் பொத்தல் சட்டையையும் பார்த்துவிட்டு முகம் வெளுத்து, உடனே அதிகாரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். "யாருய்யா இதுக்குப் பொறுப்பு? யாரைக் கேட்டுப் போட்டான்? இன்னிக்கே எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பறேன்."

"படம் என்னோடது சார். இரும்பு ஆகாதுன்னு சொன்னேன், ஏன் ஆகாதுன்னு ஒருத்தனுக்கும் சொல்லலை. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க" என்றான் தவிட்டி நாயுடு. மூர்த்தி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மாலையைக் கழற்றி அப்பண்ணா கையில் கொடுத்துவிட்டு, "முதல்ல அதைச் சரி பண்ணுங்கய்யா" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று காலனி ஒரு மாதம் பேசியது. தவிட்டி நாயுடு பூண்களை அறுத்தெடுத்து, கருகிய தாங்கிகளை மாற்றினான். இந்த முறை ஃபிட்டர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஹைமாவதியின் கரண்ட் அடுப்பைக் கூடத்தில் வைத்து, அலுமினியக் குண்டானையும் வாணலியையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினான். பட்டைகள் ஏன் குதிக்கின்றன, அந்தப் பழுப்புத் தாங்கிகள் எவ்வளவு உதையை வாங்கும் என்றும் சொன்னான். கடைசி வரிசையில் உட்கார்ந்து பங்காரம்மாவும் கேட்டாள். "அப்போ என் வீட்டுக்காரர் முறுக்கினதுல தப்பில்லையா?" என்று கேட்டாள். "இல்லக்கா. அந்தத் தாங்கிங்க போதாது. அதைக் கணக்குப் போட்டவங்க தப்பு" என்றான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுபடி நாள் குறித்தார்கள். முந்தின சாயங்காலம் கடைசி போல்ட்டுக்கு பைடிராஜு ஸ்பானரை எடுத்தபோது தவிட்டி நாயுடு அதைப் பிடுங்கித் தானே முறுக்கிவிட்டான். வீட்டுக்கு வந்து சேதி சொன்னதும் ஹைமாவதி அவன் எதிரில் வந்து நின்றாள்.

"படம் போடறவங்க நிக்கற வழக்கம் இல்லையே!"

"முறுக்கின கை நிக்கணும். நான்தானே முறுக்கினேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த முறை சிரிக்காமல் சொன்னான். "எனக்கு முன்னாடி பிறந்ததெல்லாம் தங்காம, எங்கம்மா என்னைத் தவிட்டுக்கு வித்துத் தவிட்டுக்கே திரும்ப வாங்கினா. தவிட்டு விலைக்கு வாங்கினவனை எமன் சீண்டமாட்டான்டி. ஆனா எனக்கு பயமாத்தான் இருக்கு. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவனுக்குப் பயம் என்று கேட்டதில் அவளுக்கு ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. காலையில் கேரியரில் சோறு கட்டிக் கொடுத்தாள். "பஸ்பார் பக்கத்துல அலுமினிய உத்தரம் போட்டிருக்கீங்கன்னு பைடி சொன்னானே, அதுமேல வைங்க. சுடுதா பாக்கலாம்" என்றாள். அவன் அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

ஹைமாவதியும் பங்காரம்மாவும் கூடத்தில் பல்புக்குக் கீழே உட்கார்ந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. புது உலைக்காக மற்ற இரண்டையும் அன்று நிறுத்தியிருந்ததால் பல்பு அசையாமல் எரிந்தது. பல்பு ஒரு தடவை மங்கிற்று. ஹைமாவதி பங்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி எரிந்தது. பிறகு மினுக் மினுக்கென்று துடிக்க ஆரம்பித்தது. அந்தத் துடிப்பு எப்போது நின்றுவிடுமோ என்று பொழுதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் கழுத்து வலித்தது. ஓடிப்போய்ச் செய்வதற்கு இந்த முறை ஒன்றுமில்லை. சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை அவள் செய்ததே இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். முன்னால் பைடிராஜு, பின்னால் தவிட்டி நாயுடு. முகமெல்லாம் கரி. பல்பு அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"முழுசா ஏறிடுச்சுக்கா! மாமா சிலை மாதிரி நின்னாரு" என்றான் பைடிராஜு.

தவிட்டி நாயுடு கேரியரை நீட்டினான். திறக்கவே இல்லை. ஹைமாவதி அதை வாங்கி இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிப் பிடித்தாள். மூடியைத் தொட்டாள், அடியைத் தொட்டாள். பிறகு பங்காரம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்களும் தொட்டுப் பாருங்கக்கா."

பங்காரம்மா தயங்கித் தயங்கிக் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"சில்லுன்னு இருக்குடி" என்றாள்.

அன்று நாலு பேரும் அந்த ஆறின சோற்றைத்தான் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.